ஈசானிய மூலையிலிருந்து முப்பத்தொரு மீட்டர்

ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் அளந்து, ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் நான். கணக்குப் பிசகிக் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பிசகாமல் அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர். இருபத்தாறு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். பால் வந்த நேரம், கரண்டு போன நேரம், யார் வீட்டுக்கு யார் வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தால் வரும். (என் அடி. என் மனைவி வசந்தாவின் அடியில் எவ்வளவு என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை.)

என் அக்கா சரோஜா எனக்கு நேர் எதிர். கூத்தாநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தாள் என்றால், இனி அது திருடனுக்குக் கிடைக்காது, அவளுக்கும் கிடைக்காது. பீரோ சாவியை ஒருமுறை பத்திரப்படுத்தினாள். எட்டு மாதம் கழித்து அது புளிப்பானைக்குள் இருந்து கறுத்துப்போய் வெளியே வந்தது. ரேஷன் அட்டை விருந்தாளித் தலையணையின் உறைக்குள் இருந்தது. விருந்தாளி சொல்லித்தான் தெரியும். ஒரு இடத்தில் வைத்துவிட்டு, 'இங்கே எல்லாரும் பார்ப்பாங்களே' என்று இடத்தை மாற்றுவாள். அப்புறம் இன்னொரு முறை மாற்றுவாள். மூன்றாவது இடம் அவள் நினைவில் ஏறுவதே இல்லை.

அவளுடைய மகள் பிருந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு சீர்காழி. மண்டபம் மயிலாடுதுறையில். 'ரெண்டு ஊருக்கும் நடுவுல' என்று இரு தரப்பும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட இடம் அது. நான் வரைபடத்தில் அளந்து பார்த்தேன், நடுவில் இல்லை. சீர்காழிக்காரர்களுக்கு எங்கள் தூரத்தில் பாதிகூட இல்லை. வசந்தா என்னை முறைத்ததால் அதை டைரியோடு வைத்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். பட்டம் என்றால் நெற்றியில் படுகிற மாதிரி மெல்லிய தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் கயிறு. தாய்மாமன் கட்டாமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். பிருந்தாவுக்கு நான் ஒரே தாய்மாமன். அந்தப் பட்டமோ அக்காவின் கல்யாணத்தில் அவளுக்கு எங்கள் மாமா கட்டியது. முப்பது வருடம் அதை அவள் தொலைக்காமல் வைத்திருந்ததே அதிசயம். ("பேங்க் லாக்கர்ல இருந்துச்சு," என்றார் அத்தான். அதிசயம் அத்தோடு முடிந்தது.)

கல்யாணத்துக்கு முதல் நாள் பட்டம் லாக்கரை விட்டு அக்கா கைக்கு வரும். மறுநாள் காலை என் கைக்கு வர வேண்டும். இடையில் ஒரு ராத்திரி இருக்கிறது. அந்த ராத்திரியை நினைத்து எனக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை.

அப்போதுதான் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு சாதனம் வந்திருந்தது. கட்டிடத்துக்குள் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. கைபேசி வரைபடத்தில் வருகிற நீலப் புள்ளி வானத்துச் செயற்கைக்கோளை நம்பி இருப்பது. கூரைக்குள் வந்துவிட்டால் அது தடுமாறும். இது அப்படியில்லை. நான்கு சின்னப் பெட்டிகளை நான்கு மூலையில் மாட்டவேண்டும். தேட வேண்டிய பொருளில் தீப்பெட்டி அளவு ஒரு டேக்கைக் கட்டவேண்டும். பெட்டி ஒரு ரேடியோ சைகையை அனுப்பும். டேக் பதில் அனுப்பும். போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்று பெட்டி கணக்குப் பார்க்கும். ஒரு நொடியை நூறு கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கில் அந்தச் சைகை சுமார் ஓர் அடி போகும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். நான்கு முளையிலிருந்து நான்கு கயிற்றை இழுத்துப் பிடித்தால் நான்கும் ஒரே ஒரு இடத்தில்தான் சேரும் இல்லையா? அங்கே டேக் இருக்கிறது. கைபேசியில் மண்டபத்தின் படமும், அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும்.

நொடியை நூறு கோடியாக நறுக்குகிற இயந்திரம். அதைப் பார்த்த அன்று என் டைரியில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்கென்றே ஒருவன் உட்கார்ந்து செய்தது மாதிரி இருந்தது. துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, நான்கு பெட்டியையும் டேக்கையும் மயிலாடுதுறைக்கு எடுத்துப் போனேன்.

முதல் நாள் மதியம் மண்டபம் காலியாக இருந்தது. சம்பா அறுவடை முடிந்து களம் காலியானால் எங்கள் பக்கத்தில் மண்டபங்கள் நிரம்பிவிடும். இரண்டு கல்யாணத்துக்கு நடுவில் கிடைத்த நாலு மணி நேரம் அது. மேலாளர் சுவரில் மாட்டியிருந்த கட்டிடப் படத்தைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றினேன். இனி நான்கு பெட்டிகளும் எங்கே இருக்கின்றன என்று அளந்து அதற்குச் சொல்லவேண்டும். டேப்பைப் பிரித்தேன்.

அக்கா வாழைத்தாரைப் பார்க்க வந்தவள் நின்றாள்.

"எந்த மூலைலேர்ந்துடா அளக்கப் போற?"

"ஏதோ ஒரு மூலை. ஏன்?"

"நல்ல காரியத்துக்கு அளக்கற. ஈசானி மூலையில தொடங்கு."

வீடு கட்டினாலும், போர் போட்டாலும், பந்தலுக்குக் கால் ஊன்றினாலும் எங்கள் ஊரில் வடகிழக்கில்தான் தொடங்குவார்கள். நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் முகத்தைக் கழுவிக்கொள்ளத் தோன்றும். "அறிவியலுக்கு எல்லா மூலையும் ஒண்ணுதான்க்கா. உனக்காக ஈசானியத்துலயே ஆரம்பிக்கிறேன்," என்றேன். டேப்பின் நுனியை வடகிழக்கு மூலையில் ஆணியடித்து நிறுத்தினேன். அங்கிருந்து மேற்கே முப்பத்திரண்டு மீட்டர். தெற்கே பதினெட்டு மீட்டர். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். பெட்டிகளை ரசமட்டம் வைத்து மாட்டினேன். எண்களைச் செயலியில் ஏற்றியதும் படத்தின் நான்கு மூலையிலும் நான்கு பச்சைப் புள்ளிகள் தோன்றின. கச்சிதம்.

சோதிக்காமல் விடுகிற ஆள் இல்லை நான். மண்டபத்தின் நட்டநடுவில், பெரிய தொங்கு விளக்குக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு அதில் டேக்கை வைத்தேன். நடுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வைத்திருந்தேன்: நான்கு பெட்டிக்கும் ஒரே மாதிரி தூரம், ஆகவே கடினமான இடம். சிவப்புப் புள்ளி படத்தில் விளக்குக்குக் கீழேயே எரிந்தது. பிழை ஒன்பது சென்டிமீட்டர். டைரியில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

அன்றைக்கு அந்த நாற்காலியை ஏதாவது ஒரு மூலைக்குத் தள்ளி இன்னொரு முறை பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சாயந்திரம் பட்டத்தை ஒரு சின்ன மஞ்சள் பைக்குள் போட்டு, டேக்கையும் உள்ளே வைத்து, வாயைக் கட்டி அக்காவிடம் கொடுத்தேன். "நீ எங்க வேணா பத்திரமா வை," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது.

மறுநாள் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டு ஐம்பதுக்கு ஐயர் மேடையிலிருந்து, "தாய்மாமா வாங்கோ, பட்டம் கட்டிடலாம்," என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். அக்கா என்னிடம் வந்தாள். பட்டுப்புடவை, நகை எல்லாம் இருந்தது. முகத்தில் ரத்தம் மட்டும் இல்லை.

"தம்பி, பைய எங்க வச்சேன்னு தெரியலடா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீயணைப்பு வண்டி வாங்கி வைத்தவனுக்கு ஊரில் ஒரு குடிசை எரிந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம். "கவலையே படாத," என்று கைபேசியை எடுத்தேன்.

சிவப்புப் புள்ளி எரிந்தது. வடகிழக்கு மூலை. மாப்பிள்ளை வீட்டார் அறை.

அந்த மண்டபத்தில் மேடை மேற்குக் கோடியில் இருந்தது. மேடைக்குப் பின்னால், தென்மேற்கு மூலையில் பெண் அறை. வாசலுக்குப் பக்கத்தில், வடகிழக்கு மூலையில் மாப்பிள்ளை அறை. எங்கள் பட்டம் அங்கே எப்படிப் போனது? நான் அந்தக் கேள்வியை முறைப்படி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று முறை அளந்தவனுக்குச் சந்தேகம் வராது. சீர்த்தட்டோடு கலந்து போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். அக்காவைப் பெண் அறையில் தேடச் சொல்லிவிட்டு (ஒப்புக்குத்தான்) மாப்பிள்ளை அறைக்கு நடந்தேன்.

உள்ளே மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா கலியமூர்த்தி ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர் என்று நிச்சயதார்த்தத்திலேயே டைரியில் குறித்திருந்தேன். அறையின் மூலையில் ஒரு நாற்காலியில் மாப்பிள்ளையின் அத்தை கோமளவல்லி. காலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, பூட்டோடு. சிவப்புப் புள்ளி மிகச் சரியாக அந்தப் பெட்டியின் மேல் நின்றது.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். எங்கள் பை தவறி இங்கே வந்துவிட்டது போலிருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. நான் விட்டிருக்கலாம். விடாமல், கைபேசியை அத்தையிடம் காட்டினேன்.

"இது காட்டுறது ஒரு சாண்கூட மாறாதுங்க. உங்க பெட்டிக்கு நேரா நிக்குது."

பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே ஒரு சால்வை, ஒரு தைல பாட்டில், முறுக்கு டப்பா, அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு.

"கல்யாண வீட்டுல செருப்பு காணாமப் போகும்னு சொன்னாங்க, பூட்டி வச்சேன்," என்றார். "பட்டமும் காணாமப் போகும்னு யாரும் சொல்லல."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதே நேரம் கையிலிருந்த கைபேசியில் புள்ளி நகர்ந்தது. பெட்டியை விட்டு இறங்கி, அறையின் நடுவுக்கு வந்து, மாப்பிள்ளையின் மேல் ஏறி நின்றது. (மூளை இருக்கிறவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் ஆய்வகப் பொறுப்பாளர்.) "ஒரு நிமிஷம் எந்திரிங்க மாப்ள," என்றேன். அவர் பயந்துபோய் எழுந்தார். மாலைக்குள், மணைப்பலகைக்கு அடியில், எங்கும் இல்லை. புள்ளி மறுபடி நகர்ந்தது. நான்கு அடி போய் நின்றது, ஓர் அடி பின்வாங்கியது, சுற்றியது. நானும் சுற்றினேன். ஒரு சித்தப்பாவின் பின்னால் நின்றேன், அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு பெரியவரின் ஜோல்னாப் பையை எட்டிப் பார்த்தேன். எதுவுமே இல்லாத இடத்தில் புள்ளி நின்றபோது தரையைத் தடவிப் பார்த்தேன் என்று டைரியில் இருக்கிறது, இருப்பதால் ஒப்புக்கொள்கிறேன்.

"உங்க ஊருப் பட்டத்துக்குக் காலு இருக்கா?" என்று கேட்டார் அத்தை. சிரிப்பதற்காக அவர் கேட்கவில்லை. அடுத்த வாக்கியத்தை என்னிடம் சொல்லாமல் தம்பியிடம் சொன்னார்.

"கலியமூர்த்தி, பொண்ணு வீட்டுல நம்ம பெட்டியத் திறந்து பாக்குறாங்க. மாப்பிள்ளைய எழுப்பிச் சோதிக்கிறாங்க. தாலி கட்டுறதுக்கு முன்னாடியே இப்படின்னா, நீ யோசிச்சுக்க."

சித்தப்பாக்கள் எழுந்து நின்றார்கள். யாரோ வேன் டிரைவர் எங்கே என்று விசாரித்தது என் காதில் விழுந்தது. வாசலில் பார்த்தேன். அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முப்பது வருடம் வைத்திருந்த பட்டமும், மகள் கல்யாணமும் ஒரே காலையில் கையை விட்டுப் போவதைப் பார்க்கிறவளின் முகம் அது. நொடியை நூறு கோடியாகப் பிரிக்கத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு நொடியை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் சம்பந்தி கலியமூர்த்தி பேப்பரைக் கீழே வைத்தார்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க. இதுல மண்டபத்தை யாரு அளந்தது?"

"நான்தாங்க."

"டேப்பா?"

"டேப்புதான். மூணு தடவை அளந்து சராசரி எடுத்தேன்."

அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்ததை நான் கவனித்தேன். அந்த நிலையிலும் கவனித்தேன். "முப்பத்தோரு வருஷம் சர்வேயரா இருந்தேன்," என்றார். "எந்த மூலைலேர்ந்து தொடங்கினீங்க?"

"ஈசானி மூலை."

"சரி. இந்தப் படத்துல பூஜ்யம் எங்க இருக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பதில் எனக்குத் தெரியும். கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது: பூஜ்யம், அதாவது அளவு தொடங்கும் இடம், எப்போதும் படத்தின் கீழ் இடது மூலை. அந்த வரியை நான் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டிருந்தேன். வடக்கை மேலே வைத்து வரைந்த படத்தில் கீழ் இடது மூலை என்றால் தென்மேற்கு. என் அளவுப்படி வடகிழக்கிலிருந்து மேற்கே முப்பத்தொன்று, தெற்கே பதினேழில் பை இருந்த இடத்தை, செயலி தென்மேற்கிலிருந்து கிழக்கே முப்பத்தொன்று, வடக்கே பதினேழு என்று எடுத்துக்கொண்டு, அட்சரம் பிசகாமல் எதிர் மூலையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. எந்த மூலையில் தொடங்கினாலும் நட்டநடு மட்டும் மாறாது. நான் சோதித்தது அந்த ஒரே இடத்தை.

நான் கைபேசியையே உற்றுப் பார்த்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். தலைகீழாகத் திருப்பினார். "படத்தை விடுங்க, புள்ளி இப்ப எந்த மூலைன்னு மட்டும் பாருங்க," என்று திருப்பித் தந்தார்.

சிவப்புப் புள்ளி பெண் அறையில் இருந்தது.

"மூலை எதுவா இருந்தாலும் தப்பில்ல சார்," என்றார். "படத்துக்கும் அதே மூலைன்னு சொல்லணும், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கல்லு மாத்தி அளந்து, ஒருத்தர் வயல இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் அருவாளோட வந்தாங்க. உங்களுக்கு எங்க அக்காதான் வந்திருக்காங்க."

"அருவாளா நானு?" என்றார் அத்தை.

சம்பந்தி முன்னால் நடந்தார். நான் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் சித்தப்பாக்கள், கடைசியில் செருப்பை மறுபடி பூட்டிவிட்டு அத்தை. நாதஸ்வரக்காரர் ஏதோ சடங்கு என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தார்.

பெண் அறையில் புள்ளி மெதுவாக நகர்ந்து, நின்று, நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பின்தொடர்ந்து போய் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வசந்தா. கையில் மல்லிகைப் பூக்கூடை. வந்திருந்த பெண்களுக்கு ஒரு முழமாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டு அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் மாப்பிள்ளை அறையில் துரத்திய திருடன் அவள்தான்.

"உங்களுக்கும் பூ வேணுமா?" என்றாள், என் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து.

"அடியில கைய விடு."

விட்டாள். பூவுக்கு அடியில், வாழையிலைக்கும் அடியில், மஞ்சள் பை.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆமாண்டா. பூக்கூடையை யாரு திருடப் போறான்னு அங்க மாத்தினேன்." (முதலில் பீரோ, பிறகு அரிசி மூட்டை, மூன்றாவது பூக்கூடை. வழக்கம் மாறவில்லை.)

ஒன்பது இருபத்தொன்றுக்குப் பிருந்தாவுக்குப் பட்டம் கட்டினேன். மேடையிலிருந்து இறங்கியதும் கோமளவல்லி அத்தையிடம் நேரே போய், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். காரணத்தை விளக்கப் படம்கூட வரைந்து வைத்திருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. "முதல்ல தாலி ஏறட்டும். சண்டைய சாப்பாட்டுக்கப்புறம் வச்சுக்கலாம்," என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கிவிட்டார். சண்டை இன்றுவரை பாக்கி.

கல்யாண ஆல்பத்தில் பட்டம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. போட்டோவில் ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர். பிருந்தா நன்றாக இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. சம்பந்தியும் நானும் மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்கிறோம். எங்களுக்குள் பேச இவ்வளவு இருக்கிறது என்று இரண்டு வீட்டாருக்கும் ஆச்சரியம். நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், ரயில் ஆறு பத்துக்கு என்றால்கூட, "எந்த மூலைலேர்ந்து சம்பந்தி?" என்று கேட்பார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் தகரப் பெட்டியைத் திறந்து என் முன்னால் வைப்பார். "பாத்துடுங்க. அப்புறம் காப்பி." நானும் குனிந்து பார்ப்பேன். செருப்பு இருக்கும்.

ஆனால் பெரிய விளைவு வேறு. எங்கள் குடும்பத்தில் எதுவாவது காணாமல் போனால் இப்போது எனக்குத்தான் போன் வருகிறது. பிருந்தா சீர்காழியிலிருந்து கேட்பாள்: "மாமா, பாப்பா கொலுசக் காணோம். எங்க இருக்கும்னு தோணுது?" நான் நிலைமையை விசாரித்து, யோசித்து, அலமாரிக்கு மேலே என்பேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் கட்டிலுக்கு அடியில் போய்ப் பார்ப்பாள். அக்காவும் இப்படித்தான் செய்கிறாள். டைரியின் கடைசிப் பக்கத்தில் இதற்கென்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் வரை பதினேழு அழைப்பு. பதினொன்றில் பொருள் கிடைத்திருக்கிறது. நொடியை நறுக்குகிற எந்தப் பெட்டியும் இல்லாமல்.

போன செவ்வாய்க்கிழமை என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. மேஜையின் இடது ஓரத்தில் வைத்தேன் என்று வசந்தாவிடம் சொன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்ப சரி," என்று எழுந்து, அறையின் மறுகோடியில் இருந்த ஜன்னல் விளிம்பிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பதினெட்டாவது அழைப்பு, பன்னிரண்டாவது வெற்றி. உடனே கட்டத்தில் எழுதிவிடலாம் என்று பார்த்தால் பேனாவைக் காணோம். சட்டைப் பையில்தான் இருந்தது, நிச்சயமாகத் தெரியும். அவளைக் கூப்பிடவில்லை. நானே பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.